பொன்மலர் சொன்ன பதில்கள்

மே 2, வெள்ளி

ஜெர்சி வந்துவிட்டது! நீல நிறம். முதுகில் மஞ்சளில் ஏழு, அதற்கு மேலே கொட்டை எழுத்தில் சுகிர்தா! சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு போட்டுப் பார்த்தேன். மூச்சு முட்டியது. பிள்ளை பெற்ற உடம்பு, பத்தொன்பது வயதுக்காரியின் அளவிலா இருக்கும்? பொன்மலர் பக்கத் தையலைப் பிரித்து நிமிஷத்தில் தளர்த்திக் கொடுத்தாள். என் வீட்டுக்காரரின் தங்கை, தையல்காரி, இந்த வீட்டில் என் கட்சியில் இருக்கிற ஒரே ஆள்.

ஆறு வருஷம் கழித்து மறுபடி கபடிக் களத்தில் இறங்கப் போகிறேன். அன்றைக்கு மாவட்ட அணிக்கு ஆள் எடுத்த நாளில் நான் கல்யாணச் சேலை எடுக்கப் போயிருந்தேன். இந்த முறை எங்கள் மணல்விளைக் கோடைக் கோப்பையின் இறுதி ஆட்டத்தைப் பார்க்கத் தேர்வாளர்கள் வருகிறார்கள் என்று எங்கள் பயிற்சியாளர் செல்வின் சார் சொன்னதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. இருபத்தெட்டு வயதாகிறது. இந்த வருஷம் விட்டால் அப்புறம் எவன் கூப்பிடுவான்? மாவட்ட அணிப் பட்டியலில் என் பெயர் வரணும். ஒரே ஒரு தடவை வந்தால் போதும்.

அத்தை மட்டும், "இந்தக் குதியாட்டம் எல்லாம் இந்த மாசத்தோட சரி, சொல்லிட்டேன்" என்றார். தலையாட்டி வைத்தேன். கப்பலில் சமையல்காரராக இருக்கும் என் வீட்டுக்காரரோ போனில், "ஆடு, ஆடு, கப்பை எடுத்துட்டுப் போட்டோ அனுப்பு" என்று கத்தினார். பக்கத்தில் யாரோ கைதட்டியதும் கேட்டது.

மே 4, ஞாயிறு

முதல் ஆட்டம், வெற்றி! நான் பாடிப் போனால் எதிரணிப் பெண்கள் இன்னும் பின்வாங்கத்தான் செய்கிறார்கள்! கூட்டத்தில் ஒரு கிழவர், "இந்தப் பிள்ள பழைய ஆளுல்லா" என்றார். பழைய ஆளாம். இருக்கட்டும்.

எங்கள் அணியில் ஒரு வழக்கம் உண்டு. ஆட்ட நாளில் விடிந்ததிலிருந்து யாரும் தண்ணீர் குடிப்பதில்லை. மைதானத்தில் ஆம்பிளைகளுக்கு வேலிகாத்தான் புதர் இருக்கிறது, எங்களுக்கு என்ன இருக்கிறது? பக்கத்து வீட்டுக் கதவைப் போய்த் தட்ட முடியுமா? உதட்டை மட்டும் நனைத்துக்கொள்வோம். முத்தரசி என்கிற புதுப் பெண் ஒரு பாட்டிலைத் திறந்தபோது நாங்கள் எல்லோரும் சேர்ந்து அதட்டிப் பிடுங்கிவிட்டோம். பயந்துபோய்விட்டது பாவம். உபரி ஆட்டக்காரிதான், பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறவள். ஆனால் கண்ணை எடுக்காமல் பார்க்கிறாள்.

வலது குதிகாலுக்கு மேலே கொஞ்சம் பிடித்தமாதிரி இருக்கிறது. ஆறு வருஷத் துருவல்லவா, போகப் போகச் சரியாகிவிடும்.

மே 5, திங்கள்

மெடிக்கலில் "குதிங்கால் வலிக்கு ஒரு செட்டு குடுங்க அண்ணாச்சி" என்று வாங்கினேன். மஞ்சள் ஒன்று, வெள்ளை ஒன்று, பொடிசாக ஒன்று. காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். சாயங்காலமே வலி போன இடம் தெரியவில்லை! இதற்குப் போய் டாக்டரிடம் வரிசையில் உட்காருகிறார்களே, என்ன சனங்களோ!

மே 9, வெள்ளி

பயிற்சி. இன்னொரு செட்டு வாங்கினேன். தேவாலயப் படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே இறங்கினேன், வெயிலுக்கு அந்த இரும்பு குளிர்ச்சியாக இருக்கும் என்பதால்.

மே 11, ஞாயிறு

இறுதி ஆட்டத்துக்குப் போய்விட்டோம்! எழுத்து கோணல்மாணலாக வருகிறது, பரவாயில்லை!

அரையிறுதியில் கடைசி நிமிஷம், ஒரு புள்ளி பின்தங்கியிருந்தோம். செல்வின் சார் என்னைப் பார்த்தார். "சுகிர்தா, போ." அவ்வளவுதான் சொன்னார். உள்ளே போனேன். இடது மூலைக்காரி பாய்ந்து என் கணுக்காலைப் பிடித்தாள், இன்னொருத்தி இடுப்பில் விழுந்தாள். இரண்டு பேரையும் இழுத்துக்கொண்டு, வாயில் பாட்டை விடாமல், மண்ணோடு மண்ணாக ஊர்ந்து விரல்நுனியால் நடுக்கோட்டைத் தொட்டேன். தொட்டேனா இல்லையா என்று எனக்கே தெரியவில்லை. நடுவர் கையைத் தூக்கினார். அப்புறம் ஊரே என் மேல் விழுந்தது. அபிஷா, நாலு வயசுச் சிறுக்கி, ஒலிபெருக்கிக்காரரிடம் ஓடிப்போய் "அது எங்கம்மா, அது எங்கம்மா" என்று சொல்லியிருக்கிறாள்.

இந்த வயதில் இவ்வளவு சந்தோஷம் ஒரு ஆளுக்குக் கிடைக்குமா? கிடைத்திருக்கிறதே!

மே 12, திங்கள்

நீர்க்கடுப்பு. போகும்போதெல்லாம் உயிர் போய் உயிர் வருகிறது. சாயங்காலம் குளிர் எடுத்தது. பார்லித் தண்ணீர், இளநீர், வெந்தயம், எல்லாம் ஆச்சு. அத்தையிடம் சொல்லவில்லை.

மே 13, செவ்வாய்

காய்ச்சல் அடிக்கிறது, இடுப்பு கழன்று போகிறது, ஆனாலும் இன்றைக்கு நடந்த கூத்தை நினைத்தால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

ஊரில் இருப்பது ஒரே டாக்டர், டாக்டர் நளாயினி. போட்டிக்கும் அவர்தான் டாக்டர். முதல் நாள் எங்களையெல்லாம் சோதித்துக் கையெழுத்துப் போட்டவர். காய்ச்சலோடு நான் போய் நின்றால், "ஆடாதே" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார். ஆகவே பொன்மலரைக் கூப்பிட்டேன்.

"ஏட்டி, எனக்கு இருக்கறதெல்லாம் உனக்கு இருக்குன்னு சொல்லி மருந்து வாங்கிட்டு வா."

"ஐயோ மதினி, எனக்கு நடிக்கத் தெரியாது."

"ஒண்ணும் நடிக்காண்டாம். முகத்தை உர்ருன்னு வச்சிக்க."

போனாள். கொஞ்ச நேரத்தில் மூச்சிரைக்கத் திரும்பி வந்தாள், கையில் ஒரு சின்னப் பாட்டில். சிறுநீர் சோதிக்க வேண்டுமாம். "எனக்கு இப்ப வரல டாக்டர், வீட்டுல போயிட்டு வாறேன்"னு சொல்லித் தப்பித்து வந்திருக்கிறாள். நிறைத்துக் கொடுத்தேன். மறுபடி ஓடினாள். சோதனையில் கிருமி நிறைய இருக்கிறது என்று தெரிந்ததும் டாக்டர் கேட்ட கேள்விகளைப் பொன்மலர் வீட்டுக்கு வந்து நடித்தே காட்டினாள்.

"இதுக்கு முன்னால ஏதாவது மருந்து ஒத்துக்காம உடம்பு தடிச்சிருக்கான்னு கேட்டாவ. இல்லன்னேன். சிறுநீரகக் கோளாறு, வலிப்பு, நெஞ்சு படபடப்பு உண்டான்னாவ. இல்லன்னேன். வேற மாத்திரை எதுவும் சாப்பிடுதியான்னாவ. இல்லன்னேன். அப்புறம் மதினி, கடைசியா எப்ப தலைக்குக் குளிச்சேன்னு கேட்டாவ! கல்யாணம் ஆகாத பிள்ளகிட்ட கேக்கற கேள்வியா?"

"நீ என்ன சொன்ன?"

"போன வாரந்தான்னேன். அப்புறம் ஓடுற வேலை, குதிக்கிற வேலை ஏதாவது உண்டா, தசைநார்ல வலி இருக்கான்னாவ. நான் நாளெல்லாம் மிஷின்ல உக்காந்தே கெடக்கேன் டாக்டர்னேன். சிரிச்சிட்டாவ."

சிறுநீர் என்னுடையது, பதில் எல்லாம் அவளுடையது! கட்டிலில் உருண்டு உருண்டு சிரித்தேன். ஆனால் சொன்னது ஒவ்வொன்றும் உண்மைதானே, ஒரு பொய்கூட இல்லை!

ஒரு அட்டை மாத்திரை. காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. பாலோடு சாப்பிடக்கூடாது, நிறையத் தண்ணீர் குடிக்கணும், நல்லாகிவிட்டது என்று பாதியில் நிறுத்தக்கூடாது. "இன்னொண்ணும் சொன்னாவ மதினி, காலு கையில எங்கயாவது வலி புதுசா" என்று ஏதோ இழுத்தாள். "சரி சரி, தண்ணியக் கொண்டா" என்று முதல் மாத்திரையைப் போட்டுக்கொண்டேன்.

மே 14, புதன்

காய்ச்சல் பறந்துவிட்டது! கடுப்பும் பாதி போச்சு! டாக்டர் நளாயினி மகராசியாக இருக்கணும்.

காலையில் அத்தை ஒரு டம்ளர் பாலை நீட்டி, "மூஞ்சி வெளுத்துப் போய்க் கெடக்கு, குடி" என்றார். மாத்திரை கையில். பொன்மலர் குறுக்கே பாய்ந்து பாலை வாங்கித் தானே குடித்துவிட்டாள். "என்னட்டி இது, காணாததைக் கண்ட மாதிரி!" என்று அத்தை வைதார். பொன்மலர் உதட்டுக்கு மேலே பால் மீசையோடு நின்றாள். சிரிப்பை அடக்கிக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

சாயங்காலம் பயிற்சிக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமை தேரிக்குடி அணியோடு மோதல். அவர்கள் மூலைக்காரிகள் இருவரும் புலிகள். நான் சிங்கம்.

மே 15, வியாழன்

காலையில் எழுந்து காலைத் தரையில் வைத்ததும் ஒரு நிமிஷம் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். அந்தக் கட்டில் சற்று உயரம், எப்போதுமே அப்படித்தான்.

பொன்மலர் வாசல் தெளிக்கும்போது என் பின்னாலேயே வந்து என் இரண்டு காலையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"மதினி, வலது கால் வீங்கியிருக்கு."

"கொலுசு இறுக்கமா இருந்துச்சு, அதான்."

"நீங்க கொலுசே போடலியே."

வாய் ரொம்ப நீளம் இவளுக்கு. மெடிக்கலுக்குப் போய் இரண்டு செட்டாக வாங்கி வந்தேன். குதிகாலுக்கு மேலே அந்த நாரைத் தொட்டால் சூடாக இருக்கிறது. வெயில்தான், என்னா வெயில்!

மே 16, வெள்ளி

முக்கிய ஆட்டக்காரர்களுக்கு இன்று ஓய்வு என்று சார் சொல்லியிருந்தார். ஆகவே போகவில்லை.

சாயங்காலம் சாரே வீட்டுக்கு வந்துவிட்டார், ஏன் வரவில்லை என்று கேட்க. பிள்ளைக்கு வயிற்றுவலி என்று சொல்லி அனுப்பினேன். பிள்ளை அப்போது அவர் பைக்கின் மேல் ஏறி நின்று ஆடிக்கொண்டிருந்தது.

மே 17, சனி

பொன்மலரோடு சண்டை.

"டாக்டர் சொன்னதை நீங்க முழுசாக் கேக்கவே இல்ல. கால்ல நாரு வலிச்சா மாத்திரையை நிறுத்திட்டு ஓடி வரணும்னாவ. நாரு அறுந்துகூடப் போகுமாம் மதினி. அதுக்குத்தான் ஓடுற வேலை உண்டான்னு கேட்டுருக்காவ. நான் எங்காலை நெனச்சிப் பதில் சொன்னேன், உங்க காலை நெனச்சிச் சொல்லியிருக்கணும்."

"ஒரு நாள்தான்ட்டி! நாளைக்கு ஒரே ஒரு நாள்! அதுக்கப்புறம் காலை வெட்டிக்கூட எடுத்துக்கச் சொல்லு!"

"என்ன பேச்சு பேசுதீய."

அவளுக்கு என்ன தெரியும்? மிஷினில் உட்கார்ந்திருக்கிறவளுக்கு என்ன தெரியும்? அப்படியே முகத்துக்கு நேரே சொல்லியும் விட்டேன். அவள் கண் கலங்கியது. அதற்கும் நான் விடவில்லை. அபிஷாவை இழுத்து நிறுத்தி, பிள்ளை தலையில் அவள் கையை வைத்து, டாக்டரிடம் மூச்சு விடமாட்டேன் என்று சத்தியம் வாங்கினேன்.

நாளைக்கு! நாளைக்கு! ஜெர்சியைத் தேய்த்து மடித்து வைத்திருக்கிறேன்.

மே 18, ஞாயிறு

எங்கே தொடங்குவது? நடந்தபடி எழுதுகிறேன்.

மைதானத்தில் மூன்று ஊர் சனம். மரத்தின் மேலெல்லாம் ஆள். தேர்வாளர்கள் மூன்று பேர், வெள்ளைத் தொப்பியோடு, பந்தலில் முதல் வரிசையில். பக்கத்து மேசையில் டாக்டர் நளாயினி, முதலுதவிப் பெட்டியோடு. நான் காலில் பட்டையாகத் துணி சுற்றி அதன் மேல் காலுறை போட்டிருந்தேன். இரண்டு செட்டு மாத்திரை உள்ளே போயிருந்தது. ஒலிபெருக்கியில் "எண் ஏழு, சுகிர்தா" என்றதும் எழுந்த சத்தம் இருக்கிறதே! உடம்பெல்லாம் புல்லரித்தது. நொண்டாமல் நடந்து களத்துக்குப் போனேன். நொண்டாமல்தான் நடந்தேன்.

நடுவர் காசைச் சுண்டப் போகும் நேரம். பொன்மலர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வருவதைப் பார்த்தேன். இடுப்பில் அபிஷா. நேராக டாக்டர் மேசைக்குப் போனாள். சின்னக் குரல்காரி, தையல்கடையில் துணியின் அளவு கேட்டாலே முணுமுணுப்பாள். இன்றைக்கு ஊர் முழுக்கக் கேட்டது.

"டாக்டர், செவ்வாக்கிழமை வந்தது எனக்கு இல்ல! எங்க மதினிக்கு! மாத்திரையை அவியதான் சாப்பிடுதாவ! கால் வீங்கிப் போய்க் கெடக்கு! ஆடவிடாதீய டாக்டர்!"

டாக்டர் எழுந்து களத்துக்குள்ளேயே வந்துவிட்டார். "காலுறையைக் கழட்டு" என்றார். நான் முறைத்தேன். "கழட்டும்மா." அத்தனை பேர் முன்னால் பெஞ்சில் குப்புறப் படுக்கவைத்துக் கெண்டைக்காலை அமுக்கினார். பாதம் அசைந்தது. மூச்சை விட்டார்.

"இன்னும் அறுந்து போகலை. ஒரே ஒரு குதி குதிச்சிருந்தா அறுந்திருக்கும்."

"ஒரு ஆட்டம் டாக்டர். ஒரே ஒரு ஆட்டம்" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். கெஞ்சினேன். ஆமாம், கெஞ்சத்தான் செய்தேன்.

"முடியாது. வேற ஆளைப் போடுங்க" என்றார் சாரிடம். சார் என் முகத்தைப் பார்க்கவில்லை. "முத்தரசி, எழுந்திரு."

பொன்மலரைப் பார்த்து நான் சொன்ன வார்த்தையை இங்கே எழுத மாட்டேன். "செத்தாலும் எங்கூடப் பேசாத" என்றும் சொன்னேன். அவள் அபிஷாவை என் மடியில் வைத்துவிட்டுத் திரும்பிப் போனாள்.

ஆட்டம் தொடங்கியது. முதலில் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் இல்லாமல் தோற்கட்டும் என்றுகூட நினைத்தேன், நினைக்கவில்லை என்று சொன்னால் பொய். முத்தரசி முதல் தடவை பாடிப் போய் மாட்டிக்கொண்டாள். இரண்டாம் தடவையும் மாட்டினாள். மூன்றாம் தடவை அவள் கால் நடுங்குவதைப் பார்த்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. பெஞ்சின் மேல் ஒற்றைக் காலில் எழுந்து நின்று கத்தினேன். "ஏட்டி, அவ கண்ணைப் பாக்காத! முட்டியப் பாரு! வலது மூலைக்காரி முட்டிய மடக்குனா பாய்வா!" திரும்பிப் பார்த்தாள். தலையாட்டினாள். அந்தத் தடவை தொட்டுவிட்டு வந்தாள்!

அப்புறம் நான் எங்கே உட்கார்ந்தேன்! தொண்டை கிழிந்தது. டாக்டர் ஒரு கையால் என் ஜெர்சியைப் பிடித்துக்கொண்டே நின்றார், களத்துக்குள் ஓடிவிடுவேன் என்று. கடைசி நிமிஷத்தில் சமநிலை. முத்தரசி உள்ளே போனாள். மூலைக்காரி முட்டியை மடக்கினாள், அவள் பாய்வதற்குள் இந்தக் குட்டி அவள் தோளைத் தட்டிவிட்டுத் துள்ளிக் கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்து விழுந்தது!

ஜெயித்துவிட்டோம்! கப்பு மணல்விளைக்கு!

நான் இல்லாமலே ஜெயித்துவிட்டோம்.

மே 19, திங்கள்

சார் தூக்கிக்கொண்டு போகாத குறையாகப் பைக்கில் வைத்து என்னை டாக்டரிடம் கொண்டுபோனார். டாக்டர் கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. மாத்திரையை நிறுத்தி, சிறுநீரை மறுபடி வாங்கிச் சோதனைக்கு அனுப்பி, வேறு மருந்து எழுதுவதற்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எல்லாக் கேள்வியும் கேட்டார். இந்தத் தடவை பதில் நானே சொன்னேன்.

வேறு மாத்திரை உண்டா என்றதும் கைப்பையிலிருந்த காகிதப் பொட்டலத்தைக் கொடுத்தேன். அந்தப் பொடிசு மாத்திரையை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார்.

"இது ஸ்டீராய்டு மாதிரி இருக்கு. வலியை மறைச்சிடும், நாரை இன்னும் பலவீனமாக்கும். ஏற்கெனவே புண்பட்ட நாரு, அதுக்கு மேல இது, அதுக்கும் மேல அந்த ஆன்டிபயாடிக். உன்கிட்ட நேரா கேட்டிருந்தா அந்த மருந்தை எழுதியே இருக்க மாட்டேன். உன் நாத்தனாருக்கு அது பொருத்தமான மருந்துதான்."

காலுக்கு முழங்கால் வரை கட்டு. மூன்று மாதம் ஓட்டம் கிடையாது. அதன் பிறகு ஆடலாமா என்றேன். "கால் இருக்கே, பார்ப்போம்" என்றார்.

"ஆட்ட நாள்ல ஏன் தண்ணி குடிக்க மாட்டேங்கறீங்க?" என்று அதையும் கேட்டார். சொன்னேன். போட்டிக் குழுத் தலைவரை அப்போதே போனில் பிடித்து, அடுத்த வருஷம் பெண்களுக்குக் கழிப்பறை கட்டாமல் தன் கையெழுத்தை எதிர்பார்க்க வேண்டாம் என்று போடு போடு என்று போட்டார். அதுதான் கத்தல்! நேரில் பார்க்கணும்!

மே 21, புதன்

மாவட்ட அணிப் பட்டியல் வந்துவிட்டது. மணல்விளையிலிருந்து ஒரு பெயர். முத்தரசி.

அவள் லட்டுப் பெட்டியோடு வந்து என் காலடியில் உட்கார்ந்து, "அக்கா, அது ஒங்க எடம்" என்று அழுதாள். "அட போட்டீ கிறுக்கி, நீ தொட்டுட்டு வந்த, நான் தொட்டுட்டு வந்தேனா" என்று லட்டை அவள் வாயில் திணித்தேன். அவள் போனபிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு நானும் அழுதேன். நல்லா, சத்தமாக. அத்தை வந்து எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திவிட்டுப் போனார்.

மே 22, வியாழன்

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து பொன்மலரோடு பேசவில்லை. அவள் வேளாவேளைக்குச் சோறு கொண்டுவந்து வைப்பாள், மாத்திரையை உரித்து வைப்பாள், போய்விடுவாள். மிஷின் சத்தம் மட்டும் கேட்கும்.

இன்று மத்தியானம் அவள் தட்டை எடுக்கக் குனிந்தபோது என் வாய் முந்திக்கொண்டது.

"ஒனக்குப் பயமா இல்லியாட்டி? பிள்ள மேல சத்தியம் பண்ணிட்டு, அத்தனை சனத்துக்கு முன்னால?"

அவள் நிமிரவில்லை. தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பயந்தான் மதினி. பிள்ளைக்கு ஒண்ணும் வந்துரக் கூடாதுன்னு கோயில்ல போய் விழுந்து கெடந்தேன். நீங்க இனிமே எங்கூடப் பேசவே மாட்டீயன்னும் பயம்." மூக்கை உறிஞ்சினாள். "ஆனா நீங்க நடக்க மாட்டீயன்னு அதைவிடப் பயமா இருந்துச்சு. பேசாட்டாப் போவுது, நடந்தாப் போதும்னு நெனச்சேன்."

கட்டிலில் சற்று நகர்ந்து இடம் விட்டேன்.

"தட்டை வச்சிட்டு இங்கன வந்து இரிட்டி" என்றேன்.

வந்தாள். விளக்கு வைக்கும் நேரம்வரை பேசிக்கொண்டிருந்தோம்.